ஊழியர் வளர்ச்சியும் அலுவலகத்தின் ஆக்கமும்



கொல்கத்தா மாநகரின் தென்பாகத்தில் ஜாதவ்பூர் என்னும் பகுதி இருக்கிறது. லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழன்பர்கள் பலருக்கு அது தெரிந்த இடமே. கரியாஹாட்டையும் டாகுரியாவையும் கடந்து தெற்கே சென்றால், '8பி' என்று எல்லோரும் சொல்லும் பேருந்து நிலையத்தை அடையலாம். அதன் எதிரிலேயே ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. மாலை ஆறு மணி அளவில் அந்த நிலையத்தில் சற்று நேரம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். அலுவலகத்திலிருந்து வீடு திரும்புவோர் ஒருபுறம் நெருக்கியடித்து இறங்குவர். அவர்களுள் சிலர் மட்டும் வீட்டை நோக்கி நடவாமல், தோளில் தொங்கும் பையுடன் பல்கலைக்கழகத்தின் வாயிலை நோக்கி நடப்பர். பகலெல்லாம் பணிமனையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு, மாலையில் மாணவராக மாறுவோர் இவர்கள். பணியிலிருக்கும் டிப்ளமா பெற்றவர்கள் மாலையில் பயின்று பொறியியற் பட்டம் பெறுவதற்கான வகுப்புகளை அப்பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாக நடத்தி வந்திருக்கிறது. மொழி வகுப்புகளும் அங்கு உண்டு.

இவர்கள் படிப்பதால் இவர்களுக்கு நன்மை என்பதை யாரும் மறுக்கமாட்டார். ஆனால் இவர்களுக்குச் சம்பளம் தரும் அலுவலகத்திற்கு நன்மையா, தீமையா? பகலில் களைத்த மூளை மாலையிலும் களைத்தால், மறுநாள் வேலை கெடாதா? படித்துத் தேறியவர் வேறிடம் நாடிப் போய்விட்டால், நட்டம் யாருக்கு? இக்கேள்விகளைப் பற்றியே இன்று நேயர்களுடன் சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம். நாம் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். பொருளாதார நிபுணர் அல்லோம். எனினும் இக்கேள்வி ஒருமுறை கோப்பின் வடிவிலே நம் மேசைக்கே வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுவது நலம். உற்பத்தித்திறன் என்ற சொல் நம் நாட்டில் பரவலாக வழங்கத் தொடங்கியது 1958-ஆம் ஆண்டில் தேசிய உற்பத்தித்திறன் குழு நிறுவப்பட்ட காலத்தை ஒட்டியே எனலாம். செலவிட்ட உழைப்புக்கும் பொருளுக்கும் ஈடாக விளைந்தது எவ்வளவு என்பதே அதன் கருத்து. ஆலையிலே இதை அளப்பது எளிது. இத்தனை பேர், இத்தனை மணி, இத்தனை டன் எஃகு என்று கணக்கிட்டு விடலாம். அலுவலகத்தில் அப்படி அளக்க இயலாது. ஒரு நாளில் பத்துக் கோப்புகளை நகர்த்தியவர் நன்கு உழைத்தார் என்று கொள்ளலாமா? பத்தில் ஆறு திருத்தத்திற்காகத் திரும்பி வந்தால், நகர்த்தியது பத்தானாலும் முடித்தது நான்கே அன்றோ? ஆகவே அலுவலகத்தின் ஆக்கத்தை அறிய, எத்தனை வேலை புறப்பட்டது என்பதைவிட எத்தனை வேலை திரும்பி வரவில்லை என்பதைப் பார்ப்பதே பொருத்தமாகும்.

ஊழியரின் வளர்ச்சி என்பதையும் இவ்வாறே வரையறுக்க வேண்டும். பதவி உயர்வு ஒன்று; வளர்ச்சி வேறொன்று. நாற்காலி மாறுவது பதவி உயர்வு. நேற்றுச் செய்ய இயலாததை இன்று செய்ய இயலுவது வளர்ச்சி. இரண்டும் ஒன்றாய் வருவதும் உண்டு. ஒன்றின்றி மற்றொன்று வருவதும் உண்டு. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே செல்லுவோம்.

ஜாதவ்பூரின் வரலாறே இதற்குத் தக்க முன்னுரையாக அமைகிறது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்த காலத்தில், 1906-ஆம் ஆண்டில், அன்று கல்கத்தா எனப்பட்ட இந்நகரில் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அதே ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் வங்காளத் தொழில்நுட்பப் பள்ளி என்ற நிறுவனமும் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்று பொருளுதவியவர் தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞர். வெறும் குமாஸ்தாக்களை உண்டாக்கும் படிப்பு போதாது, கைத்திறனும் அறிவும் ஒருங்கே பெற்ற உழைப்பாளர் வேண்டும் என்பதே அப்பள்ளியின் குறிக்கோள். இரு முயற்சிகளும் பின்னர் ஒன்றிணைந்தன. அப்பள்ளி 1920-களில் ஜாதவ்பூருக்கு இடம்பெயர்ந்து, பொறியியற் கல்லூரியாக வளர்ந்து, 1955-ஆம் ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமாயிற்று. தாரகநாத் பாலித்தின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். நம்மவர் ஒருவரின் வாழ்விலே அப்பெயர் மீண்டும் வரப்போகிறது.

பல்கலைக்கழகத்திலிருந்து சிறிது தொலைவில் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ஆம் ஆண்டில் பௌபஜார்த் தெருவில் தொடங்கிய இச்சங்கம், விடுதலைக்குப் பின் மேகநாத சாஹாவின் முயற்சியால் ஜாதவ்பூருக்கு வந்தது. இச்சங்கத்தின் புகழுக்கு முதற்காரணமானவர் ஓர் அரசு ஊழியர். அவரும் நம்மைப் போல் தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் வங்கத்துக்கு வந்தவர் என்பது பலர் அறிந்தும் மறந்துபோகும் செய்தியாகும்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், 1907-ஆம் ஆண்டில், பத்தொன்பது வயது நிரம்பாத நிலையில், நிதித்துறைத் தேர்வில் முதல்வராகத் தேறி, உதவிக் கணக்காயராகக் கல்கத்தாவிற்கு வந்தார். நல்ல சம்பளம், கௌரவமான உத்தியோகம். இனிப் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணத்தக்க நிலை. ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இறங்கிச் சென்று, அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் அங்கே ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டார், அனுமதி கிடைத்தது. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகி, 1911-ஆம் ஆண்டில் மீண்டும் கல்கத்தா வந்தபின் அவருடைய அன்றாட வாழ்வு எவ்வாறு இருந்தது என்பதை அவருடைய மனைவி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக்குச் செல்லுவார். ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பி, அவசர அவசரமாகக் குளித்து, உண்டு, வாடகை வண்டி பிடித்து அலுவலகம் போவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே சங்கத்துக்கு வருவார். வீடு சேரும்போது இரவு ஒன்பதரையோ பத்தோ ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் சங்கத்திலேயே கழியும். இவ்வாறு பல ஆண்டுகள்! உத்தியோகத்திலிருந்த அந்தக் காலத்திலேயே அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இருபதுக்கு மேற்பட்டவை.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. காலையிலும் மாலையிலும் தம் உள்ளத்தை வேறோரிடத்தில் செலுத்திய இவ்வலுவலர், இடைப்பட்ட நேரத்தில் அரசாங்கத்தின் கணக்குகளை எவ்வாறு பார்த்தார்? அசட்டையாகப் பார்த்திருந்தால் வியப்பில்லை. ஆனால் நிதித்துறையின் உயர் அதிகாரிகள் அவரைத் தம் துறையின் தலைசிறந்த அலுவலருள் ஒருவராகவே மதித்தனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அவரை விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. ஆழ்ந்து கற்கும் பழக்கமுடையவர் தாம் தொட்ட எதையும் மேம்போக்காகச் செய்ய இயலாதவராகிவிடுகிறார் என்பதே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

அதே சங்கத்தில் இன்னொருவரும் இருந்தார். ஆசுதோஷ் தே என்பது அவர் பெயர். ஆசு பாபு என்று அழைக்கப்பட்டார். அவர் அங்கே ஆய்வுக்கூட உதவியாளர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். கருவிகளைத் துடைத்து வைப்பவராகவும், கதவைத் திறந்து மூடுபவராகவும் அவர் வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ராமன் அவரைத் தம் சோதனைகளிற் பங்காளியாக்கினார். எதை அளக்கிறோம், ஏன் அளக்கிறோம் என்று விளங்கவைத்தார். பயன் யாது? 1919-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அதிர்வெண்ணை அளக்கும் புதுமுறை பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று ஆசுதோஷ் தே அவர்களின் பெயரால் வெளிவந்தது. உதவியாளரை வளர்த்ததனால் ராமனின் வேலை குறைந்துபோகவில்லை, பெருகியது. நம்பத்தக்க இரு கைகள் அவருக்குக் கிடைத்தன. மேலாளராய் இருப்போர் ராமனைவிட இந்த ஆசு பாபுவின் கதையையே முதலில் அறியவேண்டும் என்போம்.

சரி, எதிர்வாதத்தையும் கேட்போம். 'நீங்கள் சொல்லும் ராமன் இறுதியில் நிதித்துறையில் நிலைத்தாரா?' என்று கேட்கலாம். இல்லை. தாரகநாத் பாலித் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த பெருங்கொடையினால் ஏற்பட்ட இயற்பியல் பேராசிரியர் பதவியை, ஏறத்தாழப் பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு, 1917-ஆம் ஆண்டில் உத்தியோகத்தை உதறிச் சென்றார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கண்ட ஒளிச்சிதறல் உண்மைக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார். நாட்டுக்கு ஆதாயம், உலகுக்கு ஆதாயம், ஆனால் நிதித்துறைக்கு ஒரு நல்ல அலுவலர் நட்டம். இதை மறைப்பதிற் பொருளில்லை.

இந்த அச்சத்தைப் பொருளாதார நூலார் முறையாகவே ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர், 1964-ஆம் ஆண்டில் மனித மூலதனம் பற்றி வெளியிட்ட நூலில், பயிற்சியை இரு வகையாகப் பிரித்தார். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் பயிற்சி ஒருவகை. எந்த நிறுவனத்திலும் பயன்படும் பயிற்சி மற்றொரு வகை. முதல் வகைக்கு நிறுவனம் செலவிடும். இரண்டாவதற்குச் செலவிடத் தயங்கும். ஏனெனில், நாம் நீர் ஊற்றிய மரத்தின் கனியை அடுத்த வீட்டுக்காரர் பறிப்பார் என்ற எண்ணம். இது நியாயமான அச்சமே. ஆனால் இதற்கு மறுமொழியும் நம் நாட்டிலேயே உண்டு.

1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சீனிவாச ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும், கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், இந்தக் குமாஸ்தாவின் கணித ஆற்றலை உணர்ந்தனர். கணக்கேட்டை விட்டுக் கணிதம் செய்கிறார் என்று தண்டிக்கவில்லை. நாராயண ஐயர் தாமே அவருடன் அமர்ந்து கணிதத்தை ஆராய்ந்தார். இருவரும் அறிஞர்களுக்கு அவரை அறிமுகம் செய்தனர். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை அளித்தபோது, துறைமுகக் கழகம் அவரைத் தடுக்கவில்லை. ஒரு குமாஸ்தாவை அக்கழகம் இழந்தது உண்மை. இன்று அத்துறைமுகத்தின் பழைய கணக்கேடுகளை யார் நினைக்கிறார்கள்? அந்த ஒரு குமாஸ்தாவை விடுவித்த பெருந்தன்மையையே உலகம் நினைக்கிறது.

மேதைகளின் கதை சாதாரண ஊழியருக்குப் பொருந்துமா என்று நேயர்கள் வினவலாம். தக்க வினாவே. ஆதலால், வங்கத்தின் அண்டையிலுள்ள ஜம்ஷெட்பூரை நோக்குவோம். 1912-ஆம் ஆண்டில் அங்கே எஃகு வார்க்கத் தொடங்கியபோது, உலைகளை நடத்தும் நுட்பமறிந்தோர் பெரும்பாலும் வெளிநாட்டாரே. அவர்களுக்குத் தரவேண்டிய சம்பளம் மிகுதி. ஒப்பந்தக்காலம் முடிந்ததும் அவர்களோடு அறிவும் கப்பலேறிவிடும். 1921-ஆம் ஆண்டில் அங்கே தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. இந்திய இளைஞர் படித்துக்கொண்டே உலைகளின் அருகிலும் உருட்டாலையிலும் பழகினர். பின்வந்த ஆண்டுகளில் வெளிநாட்டாரின் இடங்களுக்கு இந்தியர் படிப்படியாக வந்தனர். இங்கே வளர்ச்சி என்பது கருணையன்று. ஆலையின் கணக்குக்கே உகந்த முதலீடு. பயின்றவருட் சிலர் வேறு ஆலைகளுக்குச் சென்றிருக்கலாம். அதற்காகப் பள்ளியை மூடியிருந்தால், ஆலை என்றென்றும் கப்பலின் வரவையே எதிர்பார்த்து நின்றிருக்கும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கோப்புக்கு வருவோம். நேயர்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது பிரிவில் விருதுநகர் மாவட்டத்துப் பெண்மணி ஒருவர் இளநிலை மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். ஓராண்டு கழிந்தபின் அவர் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். ஜாதவ்பூரில் மாலைநேர மொழி வகுப்பொன்றிற் சேர விரும்புவதாகவும், வாரத்தில் மூன்று நாட்கள் அரைமணி முன்னதாக வந்து அரைமணி முன்னதாகச் செல்ல இசைவு தருமாறும் அதிற் கேட்டிருந்தார். விடுமுறை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. மேலதிகாரி அதன் ஓரத்தில் நம் கருத்தைக் கேட்டெழுதி நம்மிடம் அனுப்பிவிட்டார். நாம் அதை மூன்று வாரம் மேசையிழுப்பறையில் வைத்திருந்தோம். வேலைப்பளு காரணமாக இசைய இயலாது என்று ஒரு குறிப்பையும் வரைந்து வைத்தோம். உண்மைக் காரணம் வேலைப்பளு அன்று. அவர் படித்துத் தேறினால் போய்விடுவார்; போனால் அவர் வேலையும் நம் தலையில் விழும் என்பதே.

ஒருநாள் மாலை அவரே நம்மிடம் வந்தார். "சார், வகுப்பில் சேர இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதிவிடுங்கள், நான் வீட்டில் சொல்லிவிடுகிறேன்" என்றார். அச்சொற்களில் கோபமில்லை. அதுவே நம்மைச் சுட்டது. ஏனெனில், இருபதாண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரில், வேறோர் அலுவலகத்தில், நாம் இதே போன்ற விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்திருந்தோம். முதுகலைப் படிப்புக்கு மாலையில் செல்ல அனுமதி கேட்டோம். 'இயலாது' என்ற ஒற்றைச் சொல் மறுமொழியாக வந்தது. நாம் போய்விடுவோம் என்று அந்த அதிகாரி அஞ்சியிருக்கலாம். நாம் போகவில்லை. உத்தியோகத்தை விடும் நிலையில் நம் குடும்பம் இல்லை.

ஆனால் அலுவலகம் எதைக் காத்துக்கொண்டது? அடுத்த சில ஆண்டுகள் நாம் காலந்தவறாமல் வந்தோம்; காலந்தவறாமல் சென்றோம். கொடுத்த பக்கத்தை மொழிபெயர்த்தோம். மூலத்தில் பிழை தென்பட்டாலும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஒரு சொல்லுக்குத் தக்க பெயர்ப்பு எது என்று அகராதியை மேலும் ஒருமுறை புரட்டவில்லை. நம்மைக் குறைகூற எவருக்கும் இடமில்லை. நம்மால் பெரும்பயனும் இல்லை. போய்விடுவார் என்று அஞ்சி வளரவிடாத ஊழியர், போகாமலே போய்விடுகிறார். நாற்காலியில் ஆளிருப்பார், வேலையில் அவரிருக்கமாட்டார். வருகைப் பதிவேட்டில் இந்நட்டம் பதிவாவதில்லை என்பதால், இதை நட்டமென்றே எவரும் எண்ணுவதில்லை.

அன்றிரவே பழைய குறிப்பைக் கிழித்துவிட்டுப் பரிந்துரைத்து எழுதினோம். அவர் வகுப்பிற் சேர்ந்தார். விளைவை மிகைப்படுத்தாமற் சொல்லுகிறோம். முதல் மூன்று மாதங்கள் அவர் களைத்தே காணப்பட்டார். ஒன்றிரண்டு பணிகள் தாமதமாயின. அதன்பின் ஒரு மாறுதல் வந்தது. வகுப்பில் கற்ற முறைப்படி அவர் சொற்பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். ஆட்சித்துறைச் சொல் ஒவ்வொன்றும் எந்தக் கோப்பில், எப்பொருளில், எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்று பதிந்து வந்தார். அதுவரை, ஒரே ஆண்டறிக்கையில் 'ஒப்பளிப்பு' என்ற பொருள்தரும் ஒரு சொல்லை ஒருவர் ஒருவிதமாகவும், மற்றவர் வேறுவிதமாகவும் பெயர்ப்போம். அதிகாரி சினந்து திருப்பி அனுப்புவார். பதிவேடு வந்தபின் திரும்பி வரும் படிகள் குறைந்தன. அவ்வாண்டின் அறிக்கை, இரவு நேர வேலையின்றி, குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. நமக்கும் வெட்கம் வந்து, பல ஆண்டு தொடாத இலக்கணநூல்களைத் தூசிதட்டி எடுத்தோம். ஒருவர் கற்கத் தொடங்கினால் அருகிலிருப்பவருக்கும் அது தொற்றிக்கொள்ளும் என்பதை அப்போதுதான் கண்டோம்.

இரண்டாண்டு கழித்து நாம் அஞ்சியதும் நடந்தது. வேறு துறையில் உயர்ந்த பணி கிடைத்து அவர் சென்றுவிட்டார். அவ்விடம் எட்டுத் திங்கள் காலியாக இருந்தது. அவர் வேலை நம் தலையில் விழத்தான் செய்தது. பரிந்துரைத்திருக்க வேண்டாமோ என்று சில மாலைகளில் எண்ணியதும் உண்டு. ஆனால் அவர் விட்டுச்சென்ற பதிவேடு மேசையிலேயே இருந்தது. புதிதாய் வந்தவர் அதைப் படித்து, நாம் இரண்டாண்டுகளில் கற்றதைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், விரும்பி உழைத்தவரின் இரண்டாண்டு, வேண்டாவெறுப்பாய் உட்கார்ந்திருந்த நமது பத்தாண்டினும் அலுவலகத்துக்கு மிகுந்த வரவு என்றே சொல்லவேண்டும்.

அரசும் இதனை உணராமலில்லை. ஒரே பதவியில் தேங்கிக்கிடக்கும் ஊழியரின் குறை தீர, 1999-ஆம் ஆண்டில் உறுதியளிக்கப்பட்ட பணிமேம்பாட்டுத் திட்டம் வந்தது. பன்னிரண்டு, இருபத்துநான்கு ஆண்டுகளில் இருமுறை ஊதிய நிலை உயர அது வழிசெய்தது. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து அது திருத்தப்பட்டு, பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் மும்முறை உயரும் திட்டமாயிற்று. ஒற்றைப் பணியிடத்தில் தனித்திருக்கும் நம்போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரிய ஆறுதல். ஆயினும், இத்திட்டத்தால் ஊதியம் உயருகிறதேயன்றி வேலையின் தன்மை மாறுவதில்லை. பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அதே மேசை, அதே பணி. வயிற்றுக்கு ஈந்தாயிற்று, அறிவுக்கு வழி வேறு காணவேண்டும்.

பதவி உயர்வு மட்டுமே தீர்வாகாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. லாரன்ஸ் பீட்டர் என்ற கல்வியாளர், ரேமண்ட் ஹல் என்பாருடன் சேர்ந்து 1969-இல் வெளியிட்ட நூல் ஒன்றில், நகைச்சுவையாக ஓர் உண்மையைக் கூறினார். நன்கு வேலை செய்பவரை மேலே ஏற்றுகிறோம். அங்கும் நன்கு செய்தால் இன்னும் மேலே ஏற்றுகிறோம். எந்தப் படியில் அவரால் வேலை செய்ய இயலவில்லையோ அந்தப் படியில் அவர் நின்றுவிடுகிறார் என்பது அவர் கருத்து. நல்ல மொழிபெயர்ப்பாளர் நல்ல மேற்பார்வையாளராகத்தான் இருப்பார் என்பது உறுதியில்லை. ஏற்றுவதற்கு முன் கற்பிக்க வேண்டும். மத்திய மொழிபெயர்ப்புப் பணியகம் பல்லாண்டுகளாக இத்தகைய பயிற்சிகளை நடத்தி வருகிறது; அதன் மையம் ஒன்று இந்நகரிலும் உண்டு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் கர்மயோகி இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபின், ஊழியர் கணினியின் வழியே தாமே பாடங்களைப் பயிலும் ஏற்பாடும் வந்துள்ளது. இவை நல்ல வாயில்கள். ஆனால் பாடம் முடித்ததற்கான சான்றிதழ்களை எண்ணுவதோடு நின்றுவிட்டால் பயனில்லை. கற்றதைச் செய்துபார்க்க மறுநாள் ஒரு வேலை தரப்படவேண்டும். தராவிட்டால், நீச்சலை நூலில் படித்தவர் கரையிலேயே நிற்பதுபோல் ஆகும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? மேலதிகாரியாய் இருப்போருக்கு மூன்று சொல்லுவோம். ஊழியர் ஒருவர் கற்க நேரம் கேட்டால், மறுக்குமுன் அவ்வேலையை அரைமணி முன்பின் மாற்றிச் செய்ய இயலுமா என்று பாருங்கள், பெரும்பாலும் இயலும். அவர் கற்றதை அலுவலகத்தின் ஏட்டிலோ கோப்பிலோ பதியச் செய்யுங்கள். ஆள் போனாலும் அறிவு தங்கும். மறுத்தே தீரவேண்டுமாயின், காரணத்தை நேரே சொல்லுங்கள். காரணம் கூறி மறுப்பதை ஊழியர் பொறுப்பர். இழுப்பறையில் தூங்கும் விண்ணப்பத்தைப் பொறார்.

பிறமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வளர்ச்சிக்கு வழியை எப்போதும் மேலிடமே காட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராமனை எந்த அதிகாரியும் பௌபஜாருக்கு அனுப்பவில்லை; அவரே டிராமிலிருந்து இறங்கினார். நம்மிற் பலர் இருபதாண்டு வங்கத்தில் வாழ்ந்தும் வங்காளியில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாதவராய் இருக்கிறோம். புணேயில் இருப்போர் மராத்தியையும், ஆமதாபாத்தில் இருப்போர் குஜராத்தியையும் கடைவீதிக்கு வேண்டிய அளவோடு நிறுத்திவிடுகின்றனர். வாழும் ஊரின் மொழியைப் படிக்கவும் எழுதவும் கற்பது, வெளியூர் ஊழியருக்கு எளிதாய்க் கைவரும் முதற்பயிற்சியாகும். உடன் வேலை செய்வோரின் சொல் விளங்கினால், அவர்களது திறனும் விளங்கும். பாதித் தகராறுகள் கோப்பேறாமலே தீர்ந்துவிடும். அதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை.

நமக்கும் நாற்பது வயது கடந்துவிட்டது. அன்று தவறிய முதுகலைப் பட்டம் இனி உத்தியோகத்துக்கு உதவப்போவதில்லை. எனினும் சென்ற ஆண்டு முதல் வங்காள இலக்கியத்தை முறையாகப் பயின்று வருகிறோம். வாரத்தில் இரு நாட்கள் மாலையில் 8பி நிலையத்தில் இறங்கி, வீட்டுக்குச் செல்லாமல், பையுடன் நடக்கும் அந்தச் சிலருள் நாமும் ஒருவராகிவிட்டோம். மறுநாள் காலையில் மேசைமுன் அமரும்போது, கோப்பின் கனம் சற்றுக் குறைந்திருப்பதாகவே தோன்றுகிறது.

நேயர்களே, உங்கள் மேசையிழுப்பறையிலும் யாருடைய விண்ணப்பமேனும் காத்திருக்கிறதா என்று நாளைக் காலையில் ஒருமுறை பாருங்கள்.